கையெழுத்திடாதவர்களின் நிலம்

தருமபுரி வழியில் இருக்கும் மாவட்டம். காவிரி ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து நுரைத்து மேட்டூருக்குப் போய்விடும். அந்தத் தண்ணீரில் நெல் விளைவது தஞ்சையில். பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலை மாவட்டத்தின் நடுவாக ஓடித் தொப்பூர்க் கணவாயில் இறங்கிவிடும். பென்னாகரத்துப் பிள்ளைகளும் அரூர்ப் பிள்ளைகளும் படிப்பை முடித்தும் முடிக்காமலும் பெங்களூர்க் கட்டட வேலைக்கோ திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது காற்றாலை மின்சாரம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் கம்பம் கணவாய் வழியாகவும் பாய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று உடுமலை, பல்லடம், தேனிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி ராசிபாளையம் துணைமின் நிலையத்தில் திரண்டு, 400 கிலோவோல்ட் பாதையில் வடக்கே ஏறித் தருமபுரி மாவட்டத்துப் பாலவாடிக்கு வருகிறது. பவர்கிரிட் நிறுவனத்தின் 765 கிலோவோல்ட் நிலையம் ஒன்றும் இந்த மாவட்டத்து மண்ணில் நிற்கிறது. மின்துறை ஏடுகளில் அதைச் ‘சேலம் நியூ’ என்று எழுதுகிறார்கள்.

உலக நாடுகள் கூடிப் பசுமை ஆற்றலை வளர்ப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் மாநாட்டு மேடையிலிருந்துதான் நம் காதுக்கு வருகிறது. இரண்டு தலைவர்கள் கைகுலுக்குவார்கள். இத்தனை கோடி யூரோ, இத்தனை கோடி யென் என்று மறுநாள் செய்தித்தாளில் வரும். அந்த ஒப்பந்தம் கடைசியில் ஏதோ ஒரு ஊரின் ராகிக் கொல்லையில் நான்கு கால் ஊன்றி நிற்கும்போது என்ன ஆகிறது என்பதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. அதனால்தான் இந்தப் பெரிய விஷயத்தைத் தருமபுரியில் நின்று யோசிக்கத் தோன்றுகிறது.

*

கதை டென்மார்க்கில் தொடங்குகிறது. 1891இல் ஆஸ்கோவ் என்ற சிற்றூரில், போல் லா கூர் என்ற பள்ளி ஆசிரியர் காற்றாடியிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, இறக்குமதி எண்ணெயை நம்பியே வாழ்ந்த அந்தச் சின்ன நாடு தடுமாறியது. அப்போது பழைய காற்றாடி நினைவு திரும்பியது. முதலில் கை வைத்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்லர்; பட்டறைக்காரர்கள், விவசாயக் கருவி செய்தவர்கள், ஆசிரியர்கள். 1978இல் ட்விண்ட் என்ற இடத்தில் பள்ளி ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, அன்றைய உலகின் மிகப் பெரிய காற்றாலைகளில் ஒன்றைக் கட்டி எழுப்பினார்கள். அது இன்றும் நிற்கிறது.

அந்த அறிவு கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. 1986இல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் குஜராத்தின் ஓகா, மராட்டியத்தின் ரத்னகிரி, நம் தூத்துக்குடி முதலிய கடற்கரைகளில் எழுந்தன. ஒவ்வொரு இயந்திரமும் 55 கிலோவாட். இன்றைய இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினால் பொம்மையாகத் தெரியும். 1990 வாக்கில் டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டானிடா, முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் முன்மாதிரிப் பண்ணைகளை அமைக்க உதவியது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றுக்குச் சந்தை மதிப்பு உண்டு என்று நம்மவர்கள் கண்கூடாகக் கண்டது அப்போதுதான். 1998இல் சென்னையில் காற்றாலைத் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டதிலும் டானிடாவின் கை இருந்தது. இன்று அது தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம். இந்த விதையிலிருந்து வளர்ந்த தமிழகத்தின் காற்றாலைத் திறன் இப்போது 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நாடுகளுக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் இவ்வளவு நன்றாகப் பலித்தவை அதிகம் இல்லை. அதை மனதாரச் சொல்ல வேண்டும்.

ஆனால் டென்மார்க்கிலிருந்து எல்லாமே வந்துவிடவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அங்கே நிறுவப்பட்ட காற்றாலைகளில் பெரும்பங்கு தனி விவசாயிகளுக்கும் உள்ளூர்க் கூட்டுறவுகளுக்கும் சொந்தமாக இருந்தது. பத்து, இருபது குடும்பங்கள் சேர்ந்து பங்கு போட்டு ஒரு காற்றாலை வாங்கும். இரைச்சலையும் நிழலையும் பொறுத்துக்கொண்டவரே மின்சாரம் விற்ற காசையும் வாங்கினார். கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் மிடில்குருண்டன் என்ற பண்ணை இருக்கிறது. 20 இயந்திரங்கள், 40 மெகாவாட். அதில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். புதிய காற்றாலை கட்டுகிறவர்கள் அதன் உரிமையில் குறைந்தது 20 சதவீதத்தை, நாலரைக் கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முதலில் விற்பனைக்கு வைக்க வேண்டும் என்று 2009இல் அந்த நாடு சட்டமே போட்டது. பின்னர் 2020இல் விதியை மாற்றி, அண்டை வீடுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். விதி மாறினாலும், பக்கத்தில் வசிப்பவனுக்குக் காற்றில் பங்கு உண்டு என்ற எண்ணத்தை அவர்கள் விடவில்லை.

நம்மிடம் அது வேறு விதமாக நடந்தது. தொண்ணூறுகளில் மத்திய அரசு, காற்றாலையில் போட்ட முதல் முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சலுகை தந்தது. கோவை, திருப்பூர் நூற்பாலைகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. மின்வெட்டுக் காலத்தில் ஆலைகளைத் தாங்கி நிறுத்தியவை சொந்தக் காற்றாலைகள்தாம். தருமபுரியிலிருந்து போன பிள்ளைகளின் வேலையும் அதனால் தப்பியது. அந்த நன்மையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நிலத்தை விற்றவர் விற்றதோடு விலகிப்போனார். இயந்திரமும் கடனும் கப்பலேறி வந்தன, பங்கு வரவில்லை.

*

காற்றாலை மட்டும் இருந்தால் போதாது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில், காற்று உச்சத்தில் வீசிய நாட்களிலேயே இயந்திரங்களை நிறுத்திவைக்கச் சொன்ன வேதனையைக் காற்றாலைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ஒரு பக்கம் ஊரில் மின்வெட்டு. இன்னொரு பக்கம் கொண்டுபோகப் பாதை இல்லாமல் வீணாகும் காற்று. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கும் வரை, தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்தியங்காமல் தனியாகத்தான் இருந்தது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் பசுமை ஆற்றல் வழித்தடத் திட்டம். 2013இல் ஜெர்மனி இதற்குக் கைகொடுக்க முன்வந்தது. காற்றும் வெயிலும் மிகுந்த எட்டு மாநிலங்களுக்குள் போடப்பட்ட பாதைகளுக்கான செலவில் 40 சதவீதம் மத்திய அரசின் மானியம், 40 சதவீதம் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வளர்ச்சி வங்கிக் கடன், மீதி 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. அந்த எட்டு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வடக்கே காற்று, தெற்கே ஆலைகள் என்ற சிக்கல் ஜெர்மனிக்கும் உண்டு. தங்கள் ஊரில் உயர்மின் கம்பி போவதைப் பவேரியா மாநிலத்து மக்கள் எதிர்த்த எதிர்ப்பில், நேர்மின் பாதைகளின் பெரும்பகுதியை நிலத்துக்கடியில் கேபிளாகப் புதைப்பது என்று 2015இல் அந்த அரசு முடிவெடுத்தது. செலவு கூடும், வேலை தாமதமாகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

இங்கேயும் விவசாயிகள் அதைத்தான் கேட்டார்கள். 2018, 2019இல் மேற்கு மாவட்டங்களில் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியவர்கள், கம்பியைச் சாலையோரமாகப் புதைத்துக் கொண்டுபோங்கள் என்றார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வந்த 800 கிலோவோல்ட் நேர்மின் பாதையும் அப்போது போராட்டத்துக்கு ஆளான பாதைகளுள் ஒன்று. கம்பிக்குக் கீழே, எந்த இணைப்பும் இல்லாத டியூப் லைட்டைக் கையில் பிடித்து அது எரிவதைக் காட்டினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. அந்தக் கொல்லையில் தினமும் களையெடுக்கிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

*

கோபுரத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். தூரத்தில் சாலையிலிருந்து பார்க்கும்போது அது மெலிந்து தெரியும். கிட்டே போனால் நான்கு கால்களும் ஒவ்வொன்றும் சிமெண்ட் மேடையில் இறங்கியிருக்கும். நான்குக்கும் நடுவில் ஏர் திரும்பாது, டிராக்டர் நுழையாது, எருக்கும் பார்த்தீனியமும் மண்டிக் கிடக்கும். கோபுரம் பிடிப்பது அவ்வளவு இடம்தான். ஆனால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கம்பி போகும் வழி முழுக்க ஒரு கண்ணுக்குத் தெரியாத எல்லை இருக்கிறது. 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம். 765 கிலோவோல்ட் இரட்டைச் சுற்றுப் பாதைக்கு 67 மீட்டர். அந்த அகலத்துக்குள் தென்னை ஆகாது, உயர்ந்து வளரும் மாமரம் ஆகாது, வீடு ஆகாது. மாங்காயும் புளியும் வருமானமாக இருக்கும் மாவட்டத்தில் இதன் பொருளைச் சொல்லத் தேவையில்லை. மழைத்தூறல் விழும் இரவில் கம்பி சடசடவென்று இரையும். அதற்குப் பழகிக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.

பாதைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் சொன்னார்: “உழுவுங்க, ராகி போடுங்க, ஒண்ணும் பண்ணாதுன்னாங்க சார். போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா எம் பையன் இங்க வீடு கட்ட முடியாது. நாளைக்கு வித்தாலும் வாங்க ஆள் வராது. நெலம் என்னமோ எம்பேர்லதான் இருக்கு.”

சட்டத்தின் நிலையை அவரைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. மின்கோபுரத்துக்காக நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். பயன்படுத்தும் உரிமை மட்டும் மின்பாதைக்குப் போகும். 1885இல் வெள்ளைக்காரன் தந்திக் கம்பி இழுக்க எழுதிக்கொண்ட சட்டத்தின் அதிகாரம், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் வழியாக இன்றைய 765 கிலோவோல்ட் கம்பிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நிலத்தை எடுத்திருந்தால் நிலமெடுப்புச் சட்டப்படி பேச்சுவார்த்தை, மறுவாழ்வு என்று சில படிகள் இருந்திருக்கும். எடுக்காமலே எடுத்ததால் அந்தப் படிகள் இல்லை.

இழப்பீடு இல்லாமல் இல்லை. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் அகலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று 2015இல் மத்திய அரசு வழிகாட்டியது. போராட்டங்களுக்குப் பிறகு, 2024 ஜூனில் கோபுர இடத்துக்கு நில மதிப்பைப் போல் இரு மடங்கு, கம்பி போகும் அகலத்துக்கு 30 சதவீதம் என்று அதை உயர்த்தினார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்த வெற்றிதான். ஆனாலும் அது ஒரே தடவை கையில் வந்து போய்விடும் பணம். கம்பியில் மின்சாரம் இன்னும் நாற்பது ஆண்டு ஓடும். கடன் கொடுத்த வங்கிக்கு ஆண்டுதோறும் வட்டி போகும், பாதை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மாதந்தோறும் மின்கடத்தல் கட்டணம் போகும், காற்றாலைக்காரருக்கு யூனிட் கணக்கில் வருமானம் போகும். காலம் முழுவதும் பாரத்தைச் சுமக்கிற நிலம் மட்டும் ஒரு நாள் கூலியோடு நின்றுவிடுகிறது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதும் கடைசியில் மின்கட்டணமாக, வரியாக இதே மக்கள்தாம்.

*

இதே மாவட்டத்தில் வெளிநாட்டுக் கூட்டுறவு வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. தருமபுரியின் நிலத்தடிப் பாறையில் ஃபுளோரைடு அதிகம். பல தலைமுறை அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது. சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும் பிள்ளைகள், ஐம்பது வயதுக்குள் முட்டி மடங்காமல் போனவர்கள், முதுகு வளைந்தவர்கள் என்று ஊருக்கு ஊர் இருந்தார்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் உச்ச அளவு. தாண்டிய ஊர்கள் ஏராளம். காவிரி பக்கத்தில் ஓட, குடிக்க நஞ்சு நீர்.

ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2008இல் தொடங்கி, 2013இல் நடைமுறைக்கு வந்தது. 1,928 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. காவிரித் தண்ணீரை மலையேற்றி, இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகராட்சிகள், பேரூராட்சிகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகளுக்கு அனுப்புகிற வேலை. குழாயில் தண்ணீர் தவறாமல் வருகிறதா, கடைசி ஊர் வரை போகிறதா என்பதில் குறைகள் உண்டு. கோடையில் குடத்தோடு மறியல் நடப்பதும் உண்டு. இருந்தாலும் இந்தத் திட்டம் யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. பென்னாகரத்துப் பெண் குடத்தைக் குழாயடியில் வைத்த உடனே அதற்கு விடை கிடைத்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்தானது என்ன, வட்டி எவ்வளவு என்று தெரியாமலே, அந்த உடன்படிக்கையில் தனக்கு ஒரு பங்கு இருப்பது அவளுக்குத் தெரியும்.

இந்தத் தண்ணீரை மலையேற்றுவது மின்சாரம். எனவே குடிநீரும் மின்பாதையும் தனித்தனிக் கதைகள் அல்ல. மோட்டார் நின்றால் குழாய் வறளும். காற்றாலை மின்சாரமும் சூரிய மின்சாரமும் இந்த மாவட்டத்துக்கு வேண்டியவைதாம். அவற்றை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு வெளிநாட்டுத் திட்டம் வீட்டு வாசல் வரை வந்தது, இன்னொன்று தலைக்கு மேலேயே போய்விட்டது. இந்த வேறுபாடு இயற்கையாக வந்ததல்ல. ஒப்பந்தத்தை எழுதியபோது யாரை நினைத்து எழுதினார்கள், யாரை மறந்தார்கள் என்பதில் வந்தது.

அக்கம்பக்கத்தாரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒகேனக்கல்லே சாட்சி. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாடு கடன் தர முன்வந்த அதே 2008இல், ஆற்றின் மறுகரையில் எதிர்ப்பு எழுந்தது. இரு பக்கமும் உண்ணாவிரதம், பஸ் நிறுத்தம், கன்னடத் திரையரங்கு, தமிழ்த் திரையரங்கு என்று மனம் கசந்தது. காவிரியின் இந்தப் பகுதியில் சிவசமுத்திரம், மேகதாது, ராசிமணல், ஒகேனக்கல் என நான்கு இடங்களில் மொத்தம் 1,150 மெகாவாட் நீர்மின்சாரம் எடுக்கலாம் என்று தேசிய நீர்மின் கழகம் வகுத்த திட்டம், இரண்டு மாநிலங்களும் ஒத்துப்போகாததால் ஏட்டிலேயே நின்றுவிட்டது. அந்த அணைகள் வராமல் போனதில் காடு பிழைத்தது என்றும் சொல்லலாம். 2022இல் தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அணை வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, பக்கத்துக் கரையோடு உட்கார்ந்து பேசும் பழக்கம் நமக்கு இல்லாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே பாடம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் இயந்திரத்தை நம்பி வாழ்ந்தவை. அங்கே காற்றாலையும் சூரியத் தகடும் மின்கலமும் சேர்ந்த நிலையம் அமைக்கும் வேலையை, ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியில், 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க இலங்கை முடிவு செய்தது. தமிழகக் கரைக்கு இவ்வளவு அருகில் சீனா வரலாகாது என்று இந்தியா எழுந்தது. 2022இல் அதே வேலைக்கு 1.1 கோடி டாலர் மானியம் தர இந்தியா முன்வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச்சில். இரண்டு வல்லரசுகள் கண் வைத்த திட்டம் மொத்தம் 2,230 கிலோவாட். ஒரு நடுத்தர நூற்பாலைக்குக் காணும். இந்த மூன்று ஆண்டும் தீவுக்காரர்கள் டீசல் புகையோடு காத்திருந்தார்கள். மன்னாரில் இந்திய நிறுவனம் ஒன்று அமைக்கவிருந்த பெரிய காற்றாலைத் திட்டத்தையோ, பறவைகளின் வலசைப் பாதை, நிலம், விலை என்று எழுந்த எதிர்ப்புகளுக்கும் புதிய அரசின் மறுபரிசீலனைக்கும் இடையில், 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனமே கைவிட்டது. தீவில் வாழ்கிறவர்களை முதலில் கேட்டுக்கொண்டு தொடங்கியிருந்தால் இரண்டு கதைகளும் வேறு மாதிரி போயிருக்கக் கூடும்.

*

தருமபுரியின் பழைய பெயரான தகடூருக்குத் தூதின் நினைவு உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவை. புறநானூறு காட்டும் அந்தக் காட்சியில், தொண்டைமானின் ஆயுதசாலையில் படைக்கருவிகள் நெய் பூசி மாலை சூட்டப்பட்டு அழகாக அடுக்கியிருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வது போலச் சொன்ன அந்தச் சொல்லுக்குள் களத்தின் உண்மை இருந்தது. ஆயுதம் முறியும் அளவுக்கு அங்கே வேலை நடக்கிறது என்பதை அரண்மனையில் நின்று சொல்ல, களத்தை அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். நாடுகளுக்கிடையே இன்று நடக்கும் ஆற்றல் பேச்சுகளில் பொறியாளர் இருக்கிறார், வங்கியாளர் இருக்கிறார், வெளியுறவு அதிகாரி இருக்கிறார். ராகிக் கொல்லையில் என்ன முறிந்து கிடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

அதே அதியமான் மரபைப் பற்றிப் புறநானூறு இன்னொன்றும் சொல்கிறது. அவன் முன்னோர்தான் கரும்பை எங்கிருந்தோ கொண்டுவந்து இந்த நிலத்தில் சேர்த்தவர்கள் என்பது ஔவை பாடிய செய்தி. வெளியிலிருந்து வந்த அந்தப் பயிர் இன்று பாலக்கோட்டிலும் அரூர் அருகே கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளாக நிற்கிறது. பணம் தாமதமாகும், ஆலை நட்டத்தில் ஓடும், கூட்டங்களில் சண்டை வரும். ஆனாலும் கரும்பு போட்டவர் அங்கே பங்குதாரர். ஆலையை நோக்கி, “எனக்குச் சேர வேண்டியதைக் கொடு” என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பால் சொசைட்டியிலும் அப்படித்தான். பங்கு என்பது தருமபுரிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமே இல்லை. மின்சாரம் என்று வரும்போது மட்டும் அதை நாம் கேட்க மறந்துவிட்டோம்.

கேட்டால் முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கியில் கடன் வாங்கி, ஒன்றரைக் கோடி ரூபாய்ச் செலவில் உடுமலை அருகே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. ஊருக்கு வேண்டியது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. ஒரு ஊராட்சியால் செய்ய முடிந்ததை ஒரு மாவட்டத்தால் செய்ய முடியாதா?

வழியும் ஏற்கெனவே திறந்திருக்கிறது. மத்திய அரசின் குசும் திட்டத்தில் ஒரு பிரிவு, துணைமின் நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் தரிசு நிலத்தில் அரை மெகாவாட் முதல் இரண்டு மெகாவாட் வரை சூரிய மின்நிலையம் அமைத்து, 25 ஆண்டுகளுக்கு மின்சாரம் விற்க விவசாயிகளையும் கூட்டுறவுகளையும் ஊராட்சிகளையும் அனுமதிக்கிறது. இரண்டு மெகாவாட்டுக்குப் பத்து ஏக்கர் போதும். துணைமின் நிலையங்களுக்கும் மானாவாரித் தரிசுக்கும் தருமபுரியில் பஞ்சமில்லை. ஆனால் நாடு முழுவதும் இந்தப் பிரிவு நத்தை வேகத்தில்தான் நகர்கிறது. பெரிய தடை வங்கிக் கடன். மின்கடத்தல் நிறுவனத்துக்கு நீண்ட தவணையில், குறைந்த வட்டியில் பணம் தரும் ஜெர்மன் வங்கியும் ஜப்பானிய நிறுவனமும் இருக்கின்றன. அதே பணத்தில் ஒரு சிறு பகுதி, மின்பாதை கடந்து போகும் ஊர்களின் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அதே வட்டியில், அதே தவணையில் வரட்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. தங்கள் நாட்டுக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான ஆற்றல் கூட்டுறவுகளை வளர்த்தெடுத்த ஜெர்மானியர்களுக்கு இந்தக் கோரிக்கை புரியும். டென்மார்க்குக்கு இன்னும் நன்றாகப் புரியும். 2020இல் இந்தியாவும் டென்மார்க்கும் பசுமைக் கூட்டுறவு உடன்படிக்கை செய்துகொண்டன. தொழில்நுட்பம் கேட்டுப் பழகிய நாம், இம்முறை அவர்களுடைய பங்கு முறையையும் கேட்கலாம்.

அடுத்து வரும் ஒப்பந்தங்களில் மூன்று வரிகள் சேர்ந்தால் போதும். கம்பி கடந்து போகும் நிலத்துக்கு, பாதை இயங்கும் காலம் முழுவதும் ஆண்டு வாடகை. அந்த ஊர்களின் கூட்டுறவுகளுக்கு மென்கடனில் ஒரு பங்கு. பாதையை வரைபடத்தில் குறிப்பதற்கு முன்பே கிராம சபையில் பேச்சு. முதலிரண்டும் செலவு. மூன்றாவதற்குச் செலவே இல்லை. எனினும் அதுதான் இத்தனை ஆண்டுகளில் மிக அரிதாக நடந்திருக்கிறது. பூமி சூடாவதைத் தடுக்க நாடுகள் கைகோத்தே ஆக வேண்டும். அதில் தருமபுரிக்கு மறுப்பு இல்லை. மழை பொய்த்தால் முதலில் காய்வது இந்த மாவட்டத்தின் ராகிதான். அந்தப் பெரிய வேலைக்கு நிலத்தைத் தருகிறவர்களும், அதைச் செய்கிறவர்களின் பட்டியலில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இரண்டு நாடுகள் எழுதும் உடன்படிக்கை மூன்றாவதாக ஒரு ஊரின் கையெழுத்தையும் கேட்கத் தொடங்கும் நாளில்தான், அதைக் கூட்டுறவு என்று நாம் முழுமனதோடு சொல்ல முடியும்.